சிக்னல் மட்டும் சொல்லிக்கொண்ட மாதங்கள்

சரக்கு வண்டியின் என்ஜினில் நாங்கள் இரண்டு பேர் இருப்போம். இடது பக்கம் டிரைவர். வலது பக்கம் அசிஸ்டென்ட் டிரைவரான நான். வண்டியின் கடைக்கோடியில், அரை கிலோமீட்டருக்கும் அப்பால், தன் பெட்டியில் கார்டு. கண்ணில் படுகிற ஒவ்வொரு சிக்னலையும் முன்னால் இருக்கும் இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருவர் "கிரீன்" என்றால், மற்றவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் "கிரீன்" என்று சொல்ல வேண்டும். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொன்னால் அது குற்றம். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தப்பாகப் பார்த்துவிட்டாலும் மற்றவர் பிடித்துவிடலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு.

வள்ளூரில் அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த வருடங்களில், சில மாதங்கள், எனக்கும் என் டிரைவருக்கும் இடையே அந்தச் சொற்களைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

அதற்கு முந்தைய ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. அவர் பொன்னேரிக்காரர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். எங்கள் ஊரும் பொன்னேரிக்குப் பக்கத்தில்தான். அப்பாவுக்கு அங்கே நெல் வயல். டூட்டி பட்டியலில் எங்கள் இருவரையும் ஒரே ஜோடியாகப் போட்டிருந்தார்கள். நிறையப் பேசுவார். பழவேற்காட்டில் இறால் என்ன விலை, மகளின் கணக்கு வாத்தியார் எப்படி, எந்த ஸ்டேஷன் கேன்டீனில் வடை ஊசிப்போயிருக்கும் என்று எதுவும் மிச்சமிருக்காது. பேச்சின் நடுவில் சிக்னல் வந்தால் நிறுத்தி, "டபுள் எல்லோ" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து இறாலைத் தொடர்வார்.

என் தங்கையைப் பெண் கேட்டவரும் அவர்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் நிலக்கரி ஏற்றக் காத்திருந்தபோது சாதாரணமாகக் கேட்டார்.

"உன் தங்கச்சிக்கு மாப்ள பாத்துகினு கீறீங்களாப்பா?"

"பாக்கணும்ணா."

"எங்க ஊட்ல ஒருத்தன் கீறான். என் தம்பிதான். உங்க நைனா கிட்ட பேசட்டா?"

அவருடைய தம்பி வள்ளூரில் அந்தக் கட்டுமானத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தார். என் தங்கைக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுக்கும் கம்பெனி. அந்த வருடம்தான் லைன் லீடர் ஆகி, ஒரு வரிசைப் பெண்களின் வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், ஆவணியில் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

ஐப்பசியில் ஒரு மழை நாளில், அவர்கள் வீட்டுச் சார்பில் பேசிக்கொண்டிருந்த கல்யாணப் புரோக்கர் வந்தார். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்.

"அவங்களுக்கு ஒத்து வரலையாம். பெரிய புள்ள வேணாம்னு சொல்ட்டாராம். அவரு பேச்ச ஊட்ல யாரும் தட்ட மாட்டாங்க."

பெரிய பிள்ளை என்றால் என் டிரைவர். அப்பா காரணம் கேட்டார். புரோக்கருக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். பூ வைத்த பெண்ணை வேண்டாம் என்று சொன்னால் ஊர் என்ன கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மா அழுதாள். தங்கை சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஷிஃப்டுக்குச் சட்டையை இஸ்திரி போட்டாள். அவள் மனம் விட்டுப்போய் அப்படி இருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அடுத்த டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் என்னைப் பார்த்து, "தம்பி" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. வேறு டிரைவரோடு மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். புதுப் பட்டியல் வரும்வரை பொறுத்துக்கொள் என்றார்கள். காரணம் கேட்டபோது நான் சொல்லவில்லை.

அப்படித்தான் அந்த மாதங்கள் தொடங்கின.

"ஸ்டார்ட்டர் கிரீன்."

"ஸ்டார்ட்டர் கிரீன்."

ஸ்டேஷனை விட்டுக் கிளம்பச் சொல்லும் சிக்னல்தான் ஸ்டார்ட்டர். அவ்வளவுதான் பேச்சு. சென்னைக்கு வடக்கே எங்கள் பாதையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல் வரும் என்பதால், வாய் முழுக்க மூடிவிடவில்லை. பச்சை என்றால் முன்னால் நிறையத் தூரம் காலி, போகலாம். இரண்டு மஞ்சள் விளக்கு ஒன்றன்மேல் ஒன்றாக எரிந்தால் அடுத்த சிக்னலில் ஒற்றை மஞ்சளை எதிர்பார்க்க வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால் அதற்கடுத்தது சிவப்பு. சிவப்பு என்றால் நிற்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் டிரைவருக்குச் சிவப்புதான் முக்கியம் என்று நினைப்பார்கள். நிலக்கரி ஏற்றிய வண்டி, பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டர் ஓடும். சிவப்பைப் பார்த்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தால் எல்லாம் முடிந்திருக்கும். எங்கள் வேலை முழுக்க அந்த இரட்டை மஞ்சளில்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் டிரைவரின் கை தானாக பிரேக் பிடிக்குப் போகும். அவர் கை போவதை நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். கோபத்தில் இருந்தாலும் அதைப் பார்க்காமல் இருந்ததில்லை.

வேலையில் ஒரு குறையும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு இறாலுக்கும் வடைக்கும் நடுவில் அவசரமாக வந்துபோன சொற்கள் இப்போது தெளிவாக, தனித்தனியாக வந்தன. பேசாதவர்கள் என்பதால் ஒருவர் தப்பு செய்தால் மற்றவர் அதைச் சொல்லிக்காட்டுவார் என்ற எண்ணம் இருவருக்கும் இருந்திருக்கலாம். அவர் கொண்டுவரும் சாப்பாட்டை அவர் சாப்பிட்டார், நான் கொண்டுபோனதை நான். ஒருமுறை டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டார். "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், இப்போது அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடவே வேண்டியிராத மாதிரிப் பார்த்துக்கொண்டேன்.

மார்கழி முடியப் போகும் ஒரு காலையில் காலிப் பெட்டிகளோடு வடக்கே போய்க்கொண்டிருந்தோம். பொன்னேரி தாண்டியதும் வயல் எங்கும் பனி. சூரியன் என் பக்கம், கிழக்கே, அப்போதுதான் மேலே வந்திருந்தது.

"டபுள் எல்லோ."

"டபுள் எல்லோ."

அடுத்தது ஒற்றை மஞ்சள். அதற்கடுத்தது சிவப்பு. அந்தக் கம்பத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து எழுதிய வட்டத் தகடு இருந்தது. அது தானியங்கி சிக்னல். எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் அதைப் போடுவதில்லை. இரண்டு தண்டவாளத்திலும் சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி ஏறினால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிடும். மின்சாரம் சிக்னல் கருவிக்குப் போய்ச் சேராமல் அங்கேயே திரும்பிவிடும். வண்டிக்குப் பின்னால் சிவப்பு விழும். கருவிக்கு மின்சாரம் எந்தக் காரணத்தால் வராமல் போனாலும் சிவப்புதான். கம்பி அறுந்தாலும் சிவப்பு, தண்ணீர் நின்றாலும் சிவப்பு. ஆக அந்தச் சிவப்புக்கு அர்த்தம் 'முன்னால் வண்டி இருக்கிறது' என்பதல்ல. முன்னால் காலி என்று அதற்கு உறுதியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த வகைச் சிவப்பில் மட்டும் ஒரு சலுகை உண்டு. நிறுத்தி, பகலில் ஒரு நிமிடம் காத்திருந்து, ஹாரன் அடித்து, கார்டுக்குத் தெரிவித்துவிட்டு, அடுத்த சிக்னல் வரைக்கும் மெதுவாகப் போகலாம். எந்த இடத்திலும் நிற்கத் தயாராகப் போக வேண்டும். பல நாள் அப்படிப் போயிருக்கிறோம். அநேகமாக முன்னால் போன லோக்கல் வண்டியின் முதுகு தெரியும், அல்லது ஒன்றுமே இருக்காது.

நின்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹாரன் அடித்தார். வாக்கி-டாக்கியில் கார்டு சரி என்றார். ஆள் ஓடுகிற வேகத்தில் வண்டி நகர்ந்தது. நான் எழுந்து நின்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டேன். முன்னால் வண்டி எதுவும் இல்லை. வெயில் சாய்வாக விழுந்து, என் பக்கத்துத் தண்டவாளத்தின் மேல் வெள்ளைக் கோடாக நெடுகப் போனது. கொஞ்ச தூரத்தில் அந்தக் கோடு ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தது. முதலில் ஏதோ நிழல் என்று நினைத்தேன். நிழல் விழ அங்கே மரம் இல்லை.

"நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணா!"

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. பிடி முழுக்க விழுந்தது. பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் பின்னால் தொடர்ச்சியாகப் போய் ஓய்ந்தது. என்ஜின் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி, தண்டவாளம் குறுக்கே விட்டுப்போய், நடுவில் நான்கு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. குளிரில் இரும்பு சுருங்கும்போது, பற்றவைத்த இடம் சில சமயம் இப்படி விடும். படித்திருந்தேன். பார்த்தது அன்றைக்குத்தான்.

இறங்கிப்போய்ப் பார்த்தோம். அவர் குந்தி உட்கார்ந்து, இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தார். ஸ்டேஷனுக்கும் கார்டுக்கும் சொன்னார். சரிசெய்யும் ஆட்கள் வர நேரமாகும் என்று பதில் வந்தது. அவர் எழுந்து கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். நான் அவரை 'அண்ணா' என்று கூப்பிட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வயலில் மடை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வரப்பேறி வந்தார்.

"இன்னா சார், நட்டநடுவுல நிறுத்திகினீங்க?"

"தண்டவாளம் உட்டுகிச்சு" என்றார் டிரைவர்.

"அதான் வெடிகாத்தால டமால்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நா இன்னாவோன்னு உட்டுட்டேன்" என்றார் வயல்காரர். பிறகு தன் மடைக்குத் திரும்பிப் போனார்.

எங்களுக்குப் பின்னால் கும்மிடிப்பூண்டி லோக்கல் வந்து நின்றுவிட்டது. காலை ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம் நிறைந்த வண்டி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர்கள் குதித்து இறங்கி, பஸ் பிடிக்கலாம் என்று எங்கள் பெட்டிகளின் ஓரமாக நடந்து வர ஆரம்பித்தார்கள். அந்த வண்டியில் என் தங்கையும் தினமும் போவாள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கம்பெனியின் நீலச் சட்டையில், தோளில் பையோடு, மூன்று நான்கு பெண்களோடு அவள் என்ஜின் பக்கம் வந்து நின்றபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் டிரைவர் கண்ணில் படாமல் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாக்கிறீங்களாண்ணா?"

"நல்லாக்கறேம்மா. ஷிஃப்ட்டுக்கு லேட்டாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. போன் பண்ணிச் சொல்ட்டேன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "இவரு கிட்ட இன்னாத்துக்குப் பேசிகினு கீற?" என்றேன்.

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ இவர்கிட்ட பேசறதே இல்லியா?"

"இல்ல."

"எத்தினி நாளா?"

"அன்னிலேர்ந்து."

"அப்ப ரெண்டு பேரும் எப்டி வண்டி ஓட்றீங்க?"

டிரைவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "நீங்க இன்னும் சொல்லலையாண்ணா?" என்று அவரைக் கேட்டாள்.

"நீதானம்மா சொல்ல வேணான்ன."

கூட வந்த பெண்களைக் கொஞ்சம் முன்னால் போகச் சொல்லிவிட்டு, தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றபடியே அவள் சொன்னாள். பூ வைத்துப் போன பிறகு மாப்பிள்ளை போன் செய்திருக்கிறார். கல்யாணம் வரைக்கும் எதற்கு, இந்த மாதமே வேலையை விட்டுவிடு என்றாராம். அம்மாவிடம் சொன்னாள், எல்லாம் அனுசரித்துத்தான் போக வேண்டும் என்றாளாம் அம்மா. என்னிடமும் சொன்னதாகச் சொன்னாள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேனாம். அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

"ஒரு நாளு ஷிஃப்ட் உட்டு ஸ்டேஷனுக்கு வந்தா, இவரு வண்டி சிக்னலுக்கு நின்னுகினு இருந்துச்சு. நீ அன்னிக்கு லீவு. என்ஜின்கிட்ட போயி நேராக் கேட்டுட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ணா. நான் வேணான்னா நைனா உடமாட்டாரு, வேலைக்கும் போவாதன்னு ஊட்ல ஒக்கார வச்சிடுவாரு. நீங்க வேணான்னு சொல்லிடுங்கண்ணா. அப்டின்னேன்."

"இவரு?"

"சரிம்மான்னாரு. அவ்ளோதான். வண்டி கெளம்பிடுச்சு."

முன்னால் போன பெண்களில் ஒருத்தி, "அக்கா, பஸ்ஸு பூடும்!" என்று கத்தினாள். "நைனா கிட்ட இன்னைக்கும் சொல்லக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள். நீலச் சட்டைகள் வரப்பில் வரிசையாகப் போய் ரோட்டில் ஏறின.

நாங்கள் இருவரும் என்ஜினின் நிழலில் நின்றோம். என் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் இருக்கிற சாமானைப்போல அது இருந்தது.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொல்லியிருந்தா உங்க நைனா திட்டும்போது உன்னால சும்மா இருந்திருக்க முடியுமா?"

யோசித்துப் பார்த்தேன். முடிந்திருக்காது.

"உங்க ஊட்ல இன்னா சொன்னீங்க?"

"பொண்ணு ஊடு எனக்குப் புடிக்கலன்னேன். ஏன்னு கேட்டாங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னேன். தம்பி அன்னிலேர்ந்து மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. ஊட்ல அவன், வண்டியில நீ. இந்த சிக்னல் மட்டும் இல்லன்னா எனக்குப் பேச்சே மறந்திருக்கும்."

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. பழைய பேச்சைப் போலவே இருந்தது.

"தம்பிக்காகவாவது நீங்க கல்யாணத்த முடிச்சிருக்கலாம்" என்றேன்.

"என் தம்பிய எனக்குத் தெரியும்பா. அவன் கெட்டவன் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு அவ்ளோ பெரிய என்ஜின் கிட்ட தனியா வந்து நின்னு, மேல பாத்து, வேணாம்னு சொல்லிச்சே. அது அவங்கூட இருந்தா ரெண்டு பேருக்கும் பேஜாரு."

வெயில் ஏறிய பிறகு ஆட்கள் வந்தார்கள். விட்டுப்போன இடத்தின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். பிறகு அவர்களில் ஒருவர் பச்சைக் கொடியைக் காட்டியபடி முன்னால் நடக்க, நாங்கள் அவர் பின்னால் ஊர்ந்து போனோம். ஒவ்வொரு பெட்டியின் சக்கரமும் அந்த இடத்தில் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே போனோம். கடைசிப் பெட்டியும் தாண்டிவிட்டது என்று கார்டு வாக்கி-டாக்கியில் சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டை இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரித்தோம்.

புதுப் பட்டியலில் எங்கள் ஜோடியைப் பிரித்துவிட்டார்கள். மாற்றக் கேட்டிருந்தேன் அல்லவா, அந்த மனு அப்படியே இருந்திருக்கிறது. அதைத் திரும்பப் பெற எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது நேரம் கடந்துவிட்டது. அவர் பிறகு லோக்கல் வண்டிகளுக்குப் போய்விட்டார். எதிரெதிர் வண்டிகளில் கடக்கும்போது கை தூக்குவார்.

இரண்டு மூன்று வருடம் கழித்துத் தங்கைக்குத் திருவாலங்காடு பக்கம் ஓர் இடத்தில் அமைந்தது. அவள் வேலைக்குப் போவதில் அவர்களுக்குத் தடையில்லை என்பதை அவளே முதல் நாள் பேசித் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தாள். அப்பா அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருந்தார். கல்யாணத்துக்கு டிரைவர் தனியாக வந்தார். மண்டபத்தில் அவரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா உள்ளே போய்விட்டாள். டிரைவர் அதை எதிர்பார்த்தவர்போல, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பந்தி நடக்கும்போது, மாலையைக்கூடக் கழற்றாமல் தங்கை வந்து, அவர் இலையில் தானே சாதம் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "உக்காரும்மா, பொண்ணு பரிமாறக் கூடாது" என்று யாரோ சொன்னார்கள். சாம்பாரையும் அவளே ஊற்றினாள். அவர் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு, டூட்டி இருக்கிறது என்று கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு அப்பா என்னை ஓரமாக அழைத்தார்.

"அந்த ஆள யாருடா கூப்ட்டது? நீயா?"

நான் பதில் சொல்வதற்குள் தங்கை பின்னாலிருந்து, "நான்தான் நைனா கூப்ட்டேன்" என்றாள். அப்பா அவளைப் பார்த்தார். தாம்பூலப் பை வாங்க ஆட்கள் வாசலில் காத்திருந்தார்கள். அவர் அங்கே போய்விட்டார்.